கீல் சரியில்லாத கம்ப்யூட்டர்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் இந்த முறை நலம் என்று எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் விஷயம் சொல்ல வேண்டியிருப்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு, என் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாமே ஒழுங்காக மடங்கி நிமிர்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் இரண்டு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை என் மகள் பக்கத்தில் இல்லாதபோது படிக்கவும். படித்து முடித்ததும் போன் போட்டு எதுவும் கேட்க வேண்டாம். கம்ப்யூட்டர் வாங்கப்போகிற மனிதர் எதற்குப் பேனா பிடித்துக் காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்புகிறார் என்று உங்களுக்குச் சிரிப்பு வரும். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், எந்தக் கம்ப்யூட்டர் என்று முடிவு செய்துவிட்டேன். எடுத்த முடிவை மாற்றுகிற பழக்கம் எனக்குக் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் கல்யாணப் பேச்சு வந்தபோது நான் முதலில் சொன்ன 'முடியாது' ஒன்றுதான் விதிவிலக்கு. அதையும் மாற்றியது நானில்லை, உங்கள் அத்தை.

கம்ப்யூட்டர் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து இந்த வீட்டில் இரண்டு கட்சிகள். ஒன்று உங்கள் கட்சி. டெஸ்க்டாப்தான் கம்ப்யூட்டர், மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று நீங்கள் சொன்னீர்கள். திரை பெரிசு, கீபோர்டு தனி, ஏதாவது கெட்டுப்போனால் கெட்டதை மட்டும் கழற்றி மாற்றலாம் என்றீர்கள். பகலெல்லாம் இரண்டு மானிட்டருக்கு நடுவில் உட்கார்ந்து கட்டட வரைபடம் போடுகிறவர் நீங்கள், உங்கள் பேச்சில் நியாயம் இருக்கும். எதிர்க்கட்சி உங்கள் அத்தையின் தம்பி. அவர் சூட்கேஸ் கடை வைத்திருக்கிறார், எனக்கு அவர் பெட்டிக்காரர், அதனால் எதைக் காட்டினாலும் முதலில் தூக்கிப் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியைக்கூட ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். “அத்தான், தூக்கிட்டுப் போக முடியாத சாமான் சாமானே இல்ல, அது சுவரு” என்றார். எங்கேப்பா தூக்கிட்டுப் போகப்போறேன், ஹால்லேருந்து சமையலறைக்கா என்று கேட்டேன். “அது உங்க இஷ்டம். போகணும்னு தோணுச்சுன்னா போகலாம்ல, அந்த வசதியச் சொல்றேன்” என்றார். லேப்டாப்பைத் தவிர வேறு எதை வாங்கினாலும் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனவர், மறுநாள் காலையில் டீக்கு வந்துவிட்டார்.

பேரன் பேத்தி இல்லாத வீட்டில் எதற்குத் திடீரென்று கம்ப்யூட்டர் என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது உங்கள் பெருந்தன்மை. இப்போது கேட்காமலே சொல்கிறேன், மனதோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அத்தைக்குக் காது கேட்பதில்லை. கொஞ்சம் மந்தம் என்று நாகரிகமாகச் சொல்லிப் பார்த்தேன், காது டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்கவில்லை என்றுதான் சொன்னார். காதில் வைக்கிற மெஷினும் வாங்கிக் கொடுத்தேன். “பாத்திரம் விழுற சத்தம் மட்டும் ஜோரா வருது, மனுஷங்க பேச்சு வரல” என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டாள். நீங்கள் இங்கே வந்து தங்கியிருந்தபோது கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். யாராலும் முடியாது. எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே அவளுக்கு எல்லாம் புரிந்துவிடும்.

அது, கதவுக்கும் பெட்டிக்கும் கீல் செய்கிற எங்கள் கம்பெனி கற்றுக்கொடுத்த வித்தை. நான் அங்கே தரம் பார்க்கிறவனாக இருந்தது உங்களுக்குத் தெரியும், உங்கள் அத்தை அங்கே தகடு வெட்டுகிற பிரஸ் ஷெட்டில் வேலை பார்த்தாள் என்பதும் தெரியும். ஆனால் அந்த ஷெட்டின் சத்தம் உங்களுக்குத் தெரியாது. அங்கே யாரும் கத்த மாட்டார்கள், கத்தியும் புண்ணியமில்லை. வாயை மட்டும் அசைப்பார்கள். சண்டை, கிண்டல், யார் வீட்டில் என்ன சமையல், யாருக்கு யாரைப் பிடித்திருக்கிறது, எல்லாம் சத்தமில்லாமல் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய் வரும். நான் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கீல்களை அளந்துகொண்டிருப்பேன். எழுதும்போது தப்பு வரக்கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுவது என் வழக்கம், இன்றைக்கும் அப்படித்தான். ஒரு நாள் மேனேஜரைப் பற்றி நான் உள்ளே முணுமுணுத்த ஒரு வார்த்தைக்கு வெளியே மெஷின் பக்கத்தில் ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். யார் இந்தப் பெண் என்று விசாரித்ததில் ஆரம்பித்ததுதான் எங்கள் குடும்பம். அந்த ஷெட் அவளுக்கு ஒரு வித்தையைக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துக்கொண்டது.

நேரில் பிரச்சினையே இல்லை. போனில்தான் வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமை என் மகள் வீடியோவில் கூப்பிடும்போது போன் திரையில் அவள் முகம் தபால்தலை அளவுக்குத் தெரிகிறது, அதில் வாய் எங்கே, உதடு எங்கே. அதுவும் அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பேசுகிற பிறவியா. துணியை மடித்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி, இந்தப் பக்கம் குனிந்து. உங்கள் அத்தை என்ன செய்வாள். சிரித்த முகத்தோடு தலையாட்டுவாள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் “நல்லதும்மா, ரொம்ப சந்தோஷம்” என்பாள். பெரும்பாலும் அது சரியாகவே அமைந்துவிடும், வீட்டுக்கு வீடு பேச்சு அப்படித்தானே இருக்கிறது. ஆனால் தனக்கு வர வேண்டிய பதவி வேறு யாருக்கோ போய்விட்டது என்று என் மகள் சொன்னாளே, அன்றைக்கும் இவள் சிரித்த முகத்தோடு “ரொம்ப சந்தோஷம்மா, இனிப்பு செஞ்சு சாப்பிடுங்க” என்றாள். என் மகள் கையிலிருந்த துணியை அப்படியே கீழே வைத்துவிட்டாள். நான் போனைப் பிடுங்கி ஏதோ உளறிச் சமாளித்தேன். அதிலிருந்து என் மகள் கூப்பிடுவது குறைந்துவிட்டது, கூப்பிட்டாலும் இரண்டு வார்த்தை. “அப்பா, அம்மாவுக்கு எம்மேல ஏதாவது கோவமா” என்று என்னிடம் தனியாகக் கேட்டாள். தூக்கக் கலக்கம்மா என்றேன். எதற்கு எதைப் பதிலாகச் சொல்லிவிட்டாள் என்பதை உங்கள் அத்தையிடமும் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது.

உண்மையை மகளிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். “காது போச்சுன்னு தெரிஞ்சா வேலைய உட்டுட்டு வந்து என் பக்கத்துல உக்காந்துக்குவா. அவள உக்கார வைக்கவா படிக்க வெச்சோம்” என்கிறாள். அதனால்தான் முடிவு செய்தேன். என் மகள் வாய் என் மனைவிக்குத் தெரிய வேண்டும். அதற்கு எந்தக் கம்ப்யூட்டர் வேண்டுமோ அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியே தீருவது, தரம் பார்க்காமல் வாங்குவதுமில்லை.

இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணமும் இதுதான். நான் போனில் பேசினால் என் குரல் அவளுக்குக் கேட்காது, ஆனால் வாயைப் பார்த்து அத்தனையும் படித்துவிடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசலாமென்றால், நம் வீட்டில் கதவு சாத்தினால் எதற்குச் சாத்தினீங்க என்று கேள்வி வரும். கடிதம் எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது. இதோ எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், நான் மின்சார அலுவலகத்துக்குப் புகார் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, கடைக்குப் போன கதை. கடைக்காரர்கள் வேகம் என்கிறார்கள், நினைவகம் என்கிறார்கள், எனக்கு அதெல்லாம் வேண்டாம். மடங்குகிற சாமான் எதுவானாலும் அதன் உயிர் கீலில்தான் இருக்கிறது. மூடியைப் பாதி திறந்து கையை எடுத்தால் பாதியிலேயே நிற்க வேண்டும். மேலேயும் போகக் கூடாது, கீழேயும் சரியக் கூடாது. இதைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தேன், கடையிலும் அதைத்தான் பார்த்தேன். வரிசையாக வைத்திருந்த லேப்டாப்பை ஒவ்வொன்றாகத் திறந்து பாதியில் விட்டேன். ஒன்று தொப்பென்று விழுந்தது. ஒன்று பெருமூச்சு விடுகிற மாதிரி மெதுவாகச் சரிந்தது. இன்னொன்று நின்றது, ஆனால் பக்கத்தில் யாரோ தும்மியதும் தலையாட்டியது. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு சாக்பீஸ் இருக்கும், அது தொழில் புத்தி, இறக்கி வைக்க முடியவில்லை. தேறாத கீலுக்குச் சிவப்புக் குறி போடுவது எங்கள் வழக்கம். கை தன் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போயிருக்கிறது. நான் திரும்பிப் பார்த்தபோது கடையில் பாதி லேப்டாப் முதுகில் சிவப்புக் குறி.

விற்பனைக்கு நின்ற பெண் ஓடி வந்து “சார், என்ன சார் இது” என்றாள். ரிஜெக்ட்மா என்றேன். அதற்குள் ஜனங்கள் கவனித்துவிட்டார்கள். குறி போட்டதெல்லாம் விலை குறைத்தது என்று யாரோ கிளப்பிவிட, ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் குறியில்லாத ஒன்றை எடுத்து வந்து, “இதுலயும் போட்டுக் குடுங்க” என்று என்னிடமே நீட்டினார். அதன் கீல் நன்றாக இருந்தது, போட முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். மேனேஜர் வந்தார். நான் கீல் விஷயத்தை எடுத்துச் சொன்னேன், அவர் துடைக்கிற துணியை என் கையில் கொடுத்தார். துடைத்துக் கொடுத்தேன், மரியாதையாகத்தான். துடைக்கும்போது உங்கள் டெஸ்க்டாப் பக்கமும் போய்ப் பார்த்தேன் மாப்பிள்ளை. பெட்டியில் கீல் இல்லை, அதனால் குறையுமில்லை. ஆனால் மானிட்டருக்குக் கழுத்தில் ஒன்று வைத்திருக்கிறார்கள். லேசாக அமுக்கினேன், வெட்கப்பட்ட மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. ஆக, உங்கள் கட்சியும் பெட்டிக்காரர் கட்சியும் என் பரீட்சையில் சேர்ந்தே தோற்றன. அந்தக் கடைக்குள் இனிமேல் போக முடியாது என்பது வேறு விஷயம்.

பெட்டிக்காரர் சும்மா இருப்பாரா. தன் கடை லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். “அத்தான், வாங்கவே வேணாம், பழகிப் பாருங்க. அக்காவுக்குப் புடிச்சா இதையே வெச்சுக்கட்டும், நான் வேற பாத்துக்கறேன்” என்று அக்கா மடியில் வைத்தார். மடியில் வைப்பதற்குத்தான் செய்திருக்கிறார்கள் என்று அவர் வாதம். உங்கள் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது, என் மகள் முகம் நன்றாகப் பெரிதாகத் தெரிந்தது, உங்கள் அத்தை முகம் மலர்ந்தது. அப்போது ஆரம்பித்தது கீல். மூடி பின்னாலே சாய்ந்தது. “அப்பா, ஃபேன் மட்டுந்தான் தெரியுது” என்றாள் என் மகள். நிமிர்த்தினேன், முன்னாலே சரிந்தது. “இப்ப அம்மாவோட முட்டிதான் தெரியுது.” உங்கள் அத்தையோ யார் வாயையும் பார்க்காமல், சிரித்த முகம் மாறாமல் உட்கார்ந்திருந்தாள், அதிலேயே அவள் பலமெல்லாம் போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்காரர், “கையால புடிச்சுக்குங்க அத்தான், இதுக்குப் போயி” என்றார். எனக்கு வந்த கோபத்தில், நான் கீல் பாக்கறவன்யா, கீல் இல்ல என்று கையை எடுத்துவிட்டேன். மூடி தானாகவே மூடிக்கொண்டது. அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், நெட் போய்விட்டது என்று அப்புறம் நான் சொன்னேன்.

அடுத்து நடந்தது எங்கள் யாருடைய புத்திசாலித்தனமும் இல்லை. கீழ்வீட்டில் பல் டாக்டரம்மா தன் கிளினிக்குக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டுமென்று, முன்மேசையில் இருந்த டெஸ்க்டாப்பைச் சில நாள் எங்கள் ஹாலில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டுமானால் உபயோகித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மேலே தூக்கி வந்தவர் பெட்டிக்காரர்தான், படிக்குப் படி “பாத்தீங்களா கனத்த, பாத்தீங்களா கனத்த” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவரே எல்லாவற்றையும் மாட்டி உங்கள் வீட்டுக்கும் கூப்பிட்டுக் கொடுத்தார். திரையில் என் மகள் முகம் ஜன்னல் அளவுக்கு வந்து நின்றது. சின்ன மைக் ஒன்று இருந்தது, பேசினால் உங்களுக்குக் கேட்டது. கேமரா மட்டும் இல்லை. டெஸ்க்டாப்பில் அது கூடவே வராது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். “அப்பா, உங்க ரெண்டு பேரையும் பாக்க முடியல, கருப்பாதான் இருக்கு” என்றாள் என் மகள். பெட்டிக்காரர் தன் கட்சி ஜெயித்த மாதிரி என்னைப் பார்த்தார்.

நான் உங்கள் அத்தையைப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. இனி யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பைச் செருப்பு மாதிரி கழற்றி வைத்துவிட்டாள். மேசையில் முழங்கையை ஊன்றி, கீபோர்டு மேலேயே சாய்ந்து, மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் போய் உட்கார்ந்தாள். முழங்கை பட்டு ஏதேதோ எழுத்தெல்லாம் விழுந்துகொண்டிருந்தது, யார் கவலைப்பட்டார்கள். நேராக மகள் வாயைப் பார்த்தாள். பிரஸ் ஷெட்டில் பார்ப்பாளே, அந்தப் பார்வை. என்னிடம் நலம் விசாரித்துவிட்டு, அம்மா பக்கத்திலிருந்து பதில் வராததைப் பார்த்துவிட்டு, என் மகள் உங்கள் பக்கம் பாதி திரும்பினாள். சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்து உங்களிடம் ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, மைக்குக்கும் கேட்கவில்லை. உங்கள் அத்தை மட்டும் சொன்னாள்: “யாருடி சொன்னது, அம்மாவுக்கு நீ வேணாம்னு?”

நீங்கள் அப்போது முழித்த முழியை நான் பார்த்தேன் மாப்பிள்ளை. என் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். “அம்மா, நான் சத்தமே போடலயே, எப்படிம்மா கேட்டுச்சு?” “எனக்கு எல்லாம் கேக்கும். உனக்குத்தான் அம்மா ஞாபகம் வரதில்ல. கையை எடுத்துட்டுப் பேசு” என்றாள். அப்புறம் இருவரும் பேசினார்கள் பாருங்கள், நானும் பெட்டிக்காரரும் டீ போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்து, சண்டை போட்டு, சமாதானமாகி வந்தபோதும் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் தடவையாக ஒவ்வொரு பேச்சுக்கும் அதற்கு உரிய பதில். பேச்சு முடிந்த பிறகு உங்கள் அத்தை என்னிடம், “அவ ஏங்க அப்படிச் சொன்னா? நான் என்ன பண்ணேன்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். இதில் இன்னொரு தொல்லை, அம்மாவுக்குப் பாம்புக் காது என்று என் மகள் இப்போது ஊரெல்லாம் பெருமை பேசுகிறாள், அம்மாவுக்குத்தான் கேட்குமே என்று மூச்சு விடுகிற சத்தத்தில் பேசுகிறாள், எனக்கு ஒன்றும் கேட்பதில்லை.

ஆகவே என் முடிவு. இதை ஒரு முறைக்கு இரு முறை படித்துக்கொள்ளவும். வாங்கப்போவது டெஸ்க்டாப். பெரிய திரை, தனி மைக், கழுத்துக் கீல் ஆடாத மானிட்டர், அது எந்தக் கடையில் கிடைத்தாலும் தேடிப் பிடித்து வாங்குவேன், என்னை உள்ளே விடுகிற கடையாக இருந்தால் போதும். கேமரா கிடையாது. கிடையவே கிடையாது. நீங்கள் நல்ல மனதோடு ஒரு கேமரா வாங்கி அனுப்புவதாகச் சொன்னீர்கள், தயவுசெய்து அனுப்பாதீர்கள். என் மகள் கேட்டால், அந்த மாதிரி கேமராவுக்கெல்லாம் கிளிப்பில் ஒரு கீல் இருக்கிறது, அது தேறவில்லை, அப்பா சிவப்புக் குறி போட்டுவிட்டார் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொன்னால் அவள் நம்புவாள், என்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். உங்கள் அத்தை யாருக்கும் நடிக்காமல் தன் மகள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. பெட்டிக்காரர் லேப்டாப் நாளைக்கே அவர் கடைக்குத் திரும்பிப் போகும். இந்தக் காது விஷயம் நீங்களும் நானும் மட்டும் அறிந்ததாக இருக்கட்டும். யார் வந்து என்ன சொன்னாலும் இந்த முடிவில் மாற்றமில்லை.

உங்கள் வேலை மேலும் மேலும் சிறக்கவும், என் மகள் மனம் குளிர இருக்கவும், இரண்டு மானிட்டரும் கழுத்து நிமிர்ந்து நீடூழி நிற்கவும் வாழ்த்துகிறேன். உங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். கடைசிக்கு வைத்த வார்த்தையை இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன். இங்கே அனைவரும் நலம்.

இப்படிக்கு,
உறுதி மாறாத
உங்கள் மாமனார்.

பி.கு.: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம்.

கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை மடித்து, கவரை ஒட்டப்போனேன். எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல், “ஒட்டாதீங்க” என்றாள். ஏன், மின்சார ஆபீசுக்குத்தானே என்றேன். பார்த்தால் அவள் மடியில் ஒரே ஒரு துண்டுதான் இருக்கிறது. நான் எழுத ஆரம்பித்ததிலிருந்து அந்த ஒரு துண்டையே மடித்து உதறி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான்தான் வழக்கம்போல ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதியிருக்கிறேன். 'பெருமதிப்பிற்குரிய'விலிருந்து 'அனைவரும் நலம்' வரைக்கும் ஒன்று விடாமல் படித்துவிட்டாள். கண்ணாடி அறைக்குள் இருந்தபோதே படித்தவள், இப்போது நடுவில் கண்ணாடிகூட இல்லை. எனக்கு எங்கே போயிற்று புத்தி.

“அந்தப் பதவி கெடைக்கலன்னு அவ சொன்னப்பவா நான் சந்தோஷம்னு சொன்னேன்?” என்று கேட்டாள். நான் கவரை மேசையில் வைத்தேன். “இனிப்பு செஞ்சு சாப்பிடச் சொன்னேனா?” ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை. மூடிக்கொண்ட முகத்திடம் எதைச் சொன்னாலும் அவளுக்குத் தெரியாதே என்று துண்டை எடுப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

எடுத்ததும் சொன்னாள். “நீங்க போட்ட முடிவெல்லாம் போதும். காது போனத நானே அவகிட்ட சொல்லிடறேன். நான் சிரிச்சது எதுக்குன்னு தெரியாமயே எம்புள்ள இத்தன நாளு அழுதுட்டு இருந்திருக்கா. வரேன்னு சொன்னா வர வேணாம்னு சொல்லவும் எனக்கு வாய் இருக்குது. கேமரா வேணும். நான் அவ மூஞ்சியப் பாக்கணும்னா அவளும் எம்மூஞ்சியப் பாக்கட்டும், எப்படி இருக்குதோ அப்படி.” சரி, மாப்பிள்ளையை அந்தக் கேமராவை அனுப்பச் சொல்கிறேன், டெஸ்க்டாப்பில் மாட்டிவிடலாம் என்றேன். “டெஸ்க்டாப் வேணாம். மேசை மேல ஏறிப் படுத்தாத்தான் அவ வாய் தெரியுது, அன்னைக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. தம்பி லேப்டாப்பே இருக்கட்டும். மடியில வெச்சு முகத்துக்கிட்ட இழுத்துக்குவேன்.”

அதன் கீல் சரியில்லையே, மூடி நிற்காதே என்று நான் கடைசியாக ஒரு முறை எடுத்துச் சொன்னேன். “நீங்க எதுக்கு இருக்கீங்க? புடிச்சுக்குங்க” என்றாள்.

தன் லேப்டாப்தான் ஜெயித்தது என்று பெட்டிக்காரருக்குத் தெரிந்து, அவர் இப்போது என் நாற்காலியை என்னோடு சேர்த்துத் தூக்கிப் பார்க்கிற சந்தோஷத்தில் இருக்கிறார். லேப்டாப்பிலேயே கேமரா இருக்கிறது, நீங்கள் தனியாக வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை என் மகளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லலாம், தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மெதுவாக, வாயைத் திறந்து, அம்மாவைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். படத்தின் மேல் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தெரிந்தால் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அது நான்தான்.